பேசிவைக்க ஆளில்லாத வீடு

மசீகோவும் ஃபனுவேலும் சண்டை போட்டால் தெருவுக்குக் கேட்காது. பாங்வேயில் அவர்கள் குடியிருந்த வரிசையில் ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் நாலு வீட்டிலிருந்து "என்ன ஆச்சு" என்று குரல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒன்பது வருடமாக இருவரும் கதவைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, தொண்டைக்குள்ளேயே சண்டை போடப் பழகியிருந்தார்கள். வாய்விட்டுக் கத்துவதெல்லாம் கல்யாணம் ஆனவர்களுக்கு உள்ள வசதி. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையும் ரேடியோவில் கால்பந்து வர்ணனை அலறிக்கொண்டிருந்தது. ஃபனுவேல் தன் கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டான். துணிமணியை ஒரு பெட்டியில் திணித்தான். யாரோ கோல் அடித்த சத்தத்துக்கு நடுவில் வீட்டை விட்டுப் போய்விட்டான்.

தப்பு மசீகோவுடையதுதான். அதில் சந்தேகம் வேண்டாம்.

அன்றைக்கு மத்தியானம் மசீகோவின் அக்கா மகள் தடாலாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்துக்கு இருவரும் போயிருந்தார்கள். இப்படிப் போகிற இடத்திலெல்லாம் "சிநேகிதன், தம்பி மாதிரி" என்று மசீகோ சொல்வான், எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். அன்று மாப்பிள்ளை பக்கத்துச் சபை மூப்பர் ஒருவர் மக்காச்சோளக் களியை உருட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, நானும் பாக்கறேன். நீ எங்க போனாலும் இவரும் பின்னாடியே வர்றாரு. ரெண்டு ஆம்பளைங்க ஒரே வீட்ல என்னதான் பண்றீங்க?"

மனிதர் வேடிக்கைக்குத்தான் கேட்டார். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் ஊருக்கு அந்தப் பக்கம் ஒன்றாகக் குடியிருந்த இரண்டு பையன்களை அக்கம்பக்கத்தார் சேர்ந்து வீட்டிலிருந்து இழுத்துப்போட்டு அடித்திருந்தார்கள். அடித்தவர்களை யாரும் கேட்கவில்லை, அடிபட்டவர்கள்தான் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். மசீகோ முந்திக்கொண்டான்.

"சிநேகிதனாவது ஒண்ணாவது" என்றான். "நம்ம பின்னறையில வாடகைக்கு இருக்கறவன். துணி மூட்டை வைக்க எனக்கு இடம் பத்தல. அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லியாச்சு."

மறுபடியும் சிரித்தார்கள். "பாவம்ப்பா, சாப்பிட்டு முடிக்கறவரைக்குமாவது விடு" என்றார் மூப்பர். மசீகோவும் சேர்ந்து சிரித்தான். அந்தப் பின்னறைக்கு அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து தகரம் போட்டதுவரை எல்லாம் செய்தவன் கொத்தனார் ஃபனுவேல். அவன் தலையைக் குனிந்து, தட்டில் இருந்த மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டும்போது அவன், "வாடகைக்காரன்தானே, காலி பண்றேன்" என்றான். கதவில் கை வைத்தபோது மட்டும் திரும்பிப் பார்த்தான்.

"பின்னாடியே வந்து நிக்காதே. நீயா வந்தா நான் கதவு திறக்க மாட்டேன். வேணும்னா உன் ங்கோஸ்வேயை அனுப்பு, பேசட்டும்."

அதைவிடக் குத்தலாக அவனால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. புருஷன் பெண்டாட்டி சண்டையை அங்கே புருஷனும் பெண்டாட்டியும் பேசித் தீர்ப்பதில்லை. அவன் பக்கம் ஒரு ங்கோஸ்வே, அவள் பக்கம் ஒரு ங்கோஸ்வே, கல்யாணத்தன்று முன்னால் நின்று பொறுப்பேற்றவர்கள். பெண்ணுக்குப் பெரும்பாலும் தாய்மாமன். கோபித்துக்கொண்டு போனவரை அழைக்க அவர்கள்தான் போவார்கள், பாயில் எதிரும் புதிருமாக உட்கார்வார்கள், குற்றம் குறை கேட்பார்கள், சேர்த்துவைப்பார்கள், முடியாவிட்டால் முறையாகப் பிரித்துவைப்பார்கள். கட்டியவனே போய் வாசலில் நின்றால் அது கெஞ்சல், அதற்கு மதிப்பில்லை. மசீகோவுக்காக யார் போவார்கள்? எந்தத் தாய்மாமனிடம் போய் என்னவென்று சொல்வது?

செவ்வாய்க்கிழமை லிம்பே சந்தையில் இன்னொரு செய்தி வந்தது. மசீகோ அங்கே பழைய துணி விற்கிறவன். மூட்டை பிரித்து ஆண்களின் கால்சட்டையும் கோட்டும் மட்டும் தொங்கவிட்டிருப்பான். எதிர்ச் சிமெண்டுக் கடையில் வேலை செய்கிறவன் போகிறபோக்கில், "உங்க சிநேகிதர் கரோங்கா போறாராமே, ஆஸ்பத்திரிக் கட்டடம், ரெண்டு வருஷ வேலை. சனிக்கிழமை விடியக்காலையில கான்ட்ராக்டர் லாரி கிளம்புது" என்றான். கரோங்கா நாட்டின் மறுகோடி. இரண்டு வருடம் அங்கே போனவன் இங்கே திரும்பி வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். மசீகோவிடம் இருந்ததெல்லாம் சனிக்கிழமை வரைக்குமான நாட்கள்தான்.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைச் செருப்புக்காரன் என்ன உடம்புக்கு என்று கேட்டான். மலேரியா என்றான் மசீகோ. வேறென்ன சொல்வது? அவன் தன் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தான், பக்கத்தில் நின்று தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தான். இல்லாத காய்ச்சலுக்கு மசீகோ மாத்திரை விழுங்கினான்.

புதன்கிழமை அவனே பேசிவைக்க வேண்டிய ஒரு பஞ்சாயத்து இருந்தது. தடாலாவுக்கும் அவள் புருஷன் யோகானுக்கும் சண்டை. தடாலாவுக்கு ங்கோஸ்வே அவள் தாய்மாமன் மசீகோ. அக்கா மகள் கல்யாணத்தில் பெண் பக்கம் முன்னால் நின்றவன் அவன்தான். கட்டை பிரம்மச்சாரிக்கு இந்தப் பொறுப்பா என்று அப்போது சிலர் முணுமுணுத்தார்கள். ஜோஹானஸ்பர்க்கில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று எப்படியோ ஒரு பேச்சு உலவியது. அதை அவன் கிளப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை, அது அவனை இத்தனை வருடம் காப்பாற்றியது.

யோகான் பக்கத்து ங்கோஸ்வே கச்சிங்வே என்கிற கறிக்கடைக்காரர். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். நால்வரும் ஒரே அறையில், ஒரே பாயில், ஒருவர் முழங்கால் ஒருவர் மேல் இடிக்கும்படி உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் முறை முறைதான். பெண் தன் ங்கோஸ்வேயிடம்தான் சொல்ல வேண்டும், அவர் எதிர்ப்பக்க ங்கோஸ்வேயிடம் சொல்ல வேண்டும், அவர் மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

"மாமா, என் பெரிய பானையை என்னைக் கேக்காம அவங்க அம்மாகிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டாரு" என்றாள் தடாலா.

மசீகோ கச்சிங்வேயைப் பார்த்தான். "எங்க பொண்ணு வீட்டுப் பானை போயிருக்கு அண்ணே. கேக்காம எடுத்திருக்காங்க."

கச்சிங்வே இரண்டு சாண் தள்ளி உட்கார்ந்திருந்த யோகானைப் பார்த்தார். "ஏன்டா, பானை போச்சாம்ல."

"அம்மா வீட்ல சாவு. கூட்டம் வந்துச்சு. திருப்பித் தந்துடறேன்னு சொல்லுங்க."

"திருப்பித் தந்துடறானாம்."

"எப்பன்னு கேளுங்க மாமா. சாவு முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு."

"மூணு மாசம் ஆச்சாம் அண்ணே."

"மூணு மாசமாடா? செத்தவங்களே இந்நேரம் பானையைத் திருப்பிக் கொடுத்திருப்பாங்களேடா."

தடாலா சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் பாதிச் சண்டை முடிந்தது. நாளைக்கே பானை வர வேண்டும், அடி ஓட்டையாகியிருந்தால் புதுப் பானை, இனிமேல் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது, அவளும் மாமியாரைப் பற்றித் தண்ணீர்க் குழாயடியில் பேசக் கூடாது. யோகான் அந்த ஊர் வழக்கப்படி கைதட்டி மரியாதை சொன்னான், தடாலாவும் கைதட்டினாள், எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது யோகான் தன் பங்குக் கோழித்துண்டில் பாதியைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினான். அவள் அதைப் பார்க்காததுபோல எடுத்துக்கொண்டாள்.

மசீகோவுக்குப் பொறாமையாக இருந்தது. தன் வயிற்றில் பிறக்காத குறையாகத் தூக்கி வளர்த்த பெண்மேலேயே பொறாமை. ஒரு பானைக்கு நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். தன்னுடைய ஒன்பது வருடத்துக்கு அரை ஆள் கிடையாது.

பஸ் நிறுத்தத்துக்கு அவனும் கச்சிங்வேயும் சேர்ந்து நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் மசீகோ வாயைத் திறந்தான்.

"அண்ணே, சந்தையில ஒரு சிநேகிதன் வீட்டு விஷயம். அவன் வீட்ல இருந்தது கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. போய்ப் பேச ஆள் இல்ல."

"ஏன், அவனோட ங்கோஸ்வே செத்துட்டாரா? செத்துட்டா இன்னொருத்தரை வைக்கணுமே."

"சாகல. வைக்கவே இல்ல."

"வைக்கவே இல்லையா? எத்தனை வருஷமா?"

"ஒம்பது."

கச்சிங்வே நடுரோட்டில் நின்று சிரித்தார். "ஒம்பது வருஷமா சும்மாவே வெச்சிருக்கானா? அப்ப அது கல்யாணமே இல்ல தம்பி. சேந்து குடியிருந்தாங்க, அவ்வளவுதான். ஒரு ஆள் இப்பக் காலி பண்ணிட்டுப் போயாச்சு. அதுல நாம போய்ப் பேச என்ன இருக்கு?"

"அவன் ரொம்ப உடைஞ்சு போயிருக்கான் அண்ணே."

"உடைஞ்சுதான் போவான். ஆனா யார் கேப்பா? நான் போனா எந்தப் பக்கம் உக்காருவேன்? எனக்கு எதிர்ல யார் உக்காருவா?" பிறகு அவர் அவன் தோளைத் தட்டினார். "ஊரார் வீட்டைச் சரிபண்றது இருக்கட்டும். முதல்ல உன் ஜோஹானஸ்பர்க்காரியை வரச் சொல்லு. நாப்பத்திமூணு வயசாச்சு, எப்பதான் கல்யாணச் சாப்பாடு போடப்போறே?"

நல்ல மனிதர்தான். தன் கடையிலிருந்து ஈரல் எடுத்து அவனுக்கென்று ஒதுக்கி வைக்கிறவர். உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒரு கணம் மசீகோவுக்குத் தோன்றியது. அந்தக் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதும் உடனே தோன்றியது. பஸ் வந்தது, இருவரும் ஏறினார்கள்.

வியாழக்கிழமை அவன் கடை திறக்கவில்லை. பின்னறையில் துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "உங்க கொத்தனார் எங்க, ஆளையே காணோம், எங்க திண்டு உடைஞ்சு கிடக்கு" என்றாள். வேலைக்குப் போயிருக்கிறான் என்றான். வேறு யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு முழுவதும் அவன் மனிதரோடு பேசியது அந்த ஒரே வாக்கியம்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் தொங்குகிற துணிகளில் நல்ல கோட்டாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான். கழுத்துப் பட்டையும் கட்டினான். ங்கோஸ்வே வேலைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். மினிபஸ் ஏறி நிடிரான்டேக்குப் போனான். ஃபனுவேல் தன் பெரியம்மா எலுபியின் வீட்டில் தங்கியிருந்தான். அம்மாவின் அக்கா, சபையின் பெண்கள் சங்கத்தில் முக்கியப் புள்ளி. அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரம். ஃபனுவேல் முற்றத்தில் உட்கார்ந்து பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயா, வீட்ல இருக்கீங்களா?" என்று மசீகோ வேலிக்கு வெளியே நின்று முறைப்படி குரல் கொடுத்தான்.

ஃபனுவேல் நிமிர்ந்தான். "உன்னை வராதேன்னேன்ல?"

"நான் மசீகோ இல்ல. மசீகோ வரல. நான் அவனோட ங்கோஸ்வே. உங்க பக்கத்து ங்கோஸ்வேயைப் பாத்துப் பேச வந்திருக்கேன்."

ஃபனுவேல் கயிற்றைக் கீழே போட்டான். "கேலியா பண்றே? ஊர் சிரிச்சது பத்தாதுன்னு நீயும் வந்து சிரிக்கறியா?"

"நான் சிரிக்கல. பாய் போடுங்க. போட மாட்டீங்கன்னா சொல்லுங்க, போயிடறேன்."

ஃபனுவேல் அவனை மேலும் கீழும் பார்த்தான். கோட்டு, பட்டை, வெயிலில் வழிகிற வியர்வை. உள்ளே போனான். போனவன் திரும்புவானா என்று தெரியாமல் மசீகோ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஃபனுவேல் திரும்பி வந்தபோது கையில் பாய் இருந்தது, வெள்ளைச் சட்டை மாற்றியிருந்தான், பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தான். பாயை மாமர நிழலில் விரித்தான்.

"உக்காருங்க ஐயா. நான் ஃபனுவேலோட ங்கோஸ்வே. அவன் உள்ள இருக்கான், நீங்க என்கிட்ட பேசலாம்."

இருவரும் உட்கார்ந்தார்கள். கைதட்டி நலம் விசாரித்தார்கள். பயணம் எப்படி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டுக்கொண்டார்கள். மசீகோ தொண்டையைச் செருமிக்கொண்டான். பத்துப் பன்னிரண்டு முறை தடாலாவுக்காகச் சொன்ன வார்த்தைகள்தான், இப்போது தனக்காகச் சொன்னான்.

"எங்க பையன் தப்புப் பண்ணிட்டான். ஜனங்க முன்னால உங்க பையனை வாடகைக்காரன்னு சொல்லிட்டான். நாங்க அவனைக் கண்டிச்சோம். அவன் சாப்பிடல, தூங்கல. பயந்துட்டான், வாய் முந்திக்கிச்சு. அவனை மன்னிச்சு, உங்க பையனைத் திரும்ப அனுப்பணும்னு கேக்க வந்திருக்கோம்."

ஃபனுவேல் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"பயந்தது தப்பில்ல ஐயா" என்றான். "எங்க பையனும் ஒம்பது வருஷமா பயந்துக்கிட்டேதான் இருந்தான். பயத்துல தம்பின்னு சொன்னாங்க, சிநேகிதன்னு சொன்னாங்க, அவன் எதுக்கும் ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னிக்கு அவன் கட்டின அறையிலிருந்தே அவனை வெளிய போகச் சொன்னாங்க. ஜனங்க சிரிச்சாங்க. அதுகூடப் பரவாயில்ல. உங்க பையனும் சிரிச்சான். அது எங்க பையனுக்கு இன்னும் காதுல கேக்குதாம்."

"சிரிச்சான்" என்றான் மசீகோ. "ஆமா, சிரிச்சான். அதுக்குச் சமாதானம் எங்ககிட்ட இல்ல."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறோம். உங்க பையன்கிட்ட கேட்டு வந்தீங்களோ என்னவோ. மறுபடியும் ஒரு விருந்து வரும். மறுபடியும் ஒருத்தர் கேப்பாரு. அப்ப உங்க பையன் என்ன சொல்லுவான்?"

ஒரே வார்த்தை போதும். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டான் என்று சொன்னால் கயிறு அவிழ்ந்துவிடும், பெட்டி பாங்வேக்குத் திரும்பிவிடும். ஃபனுவேல் அந்த வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான், அது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் ங்கோஸ்வேயாக வந்தவன் தன் பக்கத்து ஆள் செய்ய முடியாததைச் செய்வான் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்துக் குடும்பங்களைக் கெடுத்தவர்களை மசீகோவே திட்டியிருக்கிறான். அவன் அந்தப் பந்தலை மனதில் கொண்டுவந்து பார்த்தான். மூப்பர், தட்டுகள், திரும்பிப் பார்க்கிற முகங்கள். அங்கே தன் வாய் முந்திக்கொள்வதையும் பார்த்தான்.

"அதையேதான் சொல்லுவான்" என்றான் மசீகோ. "அந்த மாதிரி கேட்டா அவனால வேற எதுவும் சொல்ல முடியாது. அவனை எனக்குத் தெரியும்."

வேலிக்கு அப்பால் ஒருத்தி தன் குழந்தையை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லியிருக்கலாமே" என்றான் ஃபனுவேல் கடைசியில். அது ங்கோஸ்வேயின் குரல் இல்லை.

"ஒம்பது வருஷத்துல உன்கிட்ட சொன்னதில்ல."

ஃபனுவேல் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தான். "சரிங்க ஐயா. அப்ப எங்க பையனை நாங்க எடுத்துக்கறோம். உங்க பையன்மேல எங்களுக்குப் பகை இல்ல. இன்னியிலிருந்து ரெண்டு பேரும் அவங்கவங்க வழியில போகலாம், யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"நாங்களும் விட்டுட்டோம்" என்றான் மசீகோ. "உங்க பையன் எங்க வீட்ல நல்லவனா இருந்தான். குறை ஒண்ணும் இல்ல."

இருவரும் கைதட்டினார்கள். முறையாகக் கட்டியவர்களை மட்டும்தான் இப்படி முறையாகப் பிரித்துவைப்பார்கள்.

எலுபி தலையில் வாளியோடு வந்தது அப்போதுதான். பாயையும் கோட்டையும் பார்த்ததுமே இது ங்கோஸ்வே பேச்சு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "யாரோட வீட்டு விஷயம்?" என்று கேட்டபடியே வாளியை இறக்கினாள்.

"லிம்பேயில ஒரு வீடு பெரியம்மா" என்றான் ஃபனுவேல். "நாங்க ரெண்டு பேரும் ங்கோஸ்வே. பேசிப் பாத்தோம். பிரிஞ்சுட்டாங்க."

"எத்தனை வருஷம் இருந்தாங்க?"

"ஒம்பது."

"குழந்தைங்க?"

"இல்ல."

அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "குழந்தை இல்லாமயே ஒம்பது வருஷமா? இங்க மூணாவது வருஷமே துரத்திடுவாங்களே. அப்ப ரொம்பப் பிரியமா இருந்திருக்காங்க."

"ஆமா பெரியம்மா" என்றான் ஃபனுவேல். "பிரியமாத்தான் இருந்தாங்க."

"அப்பறம் ஏன் பிரிச்சீங்க? தடிமாடு மாதிரி ரெண்டு பேர் உக்காந்துக்கிட்டு, இதுக்கா பேசுனீங்க?"

"ஜனங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டான் அம்மா" என்றான் மசீகோ.

"என் புருஷன் சொன்ன வார்த்தைக்கெல்லாம் நான் கிளம்பியிருந்தா இந்நேரம் சீனாவுல இருந்திருப்பேன். மறுபடி போய்ப் பேசுங்க. ஒரு தடவையில விடறவன் என்ன ங்கோஸ்வே?"

"பேசியாச்சு பெரியம்மா. நாளைக்குக் காலையில அந்த ஆள் ஊரை விட்டே போகுது."

அவள் உச்சுக்கொட்டிக்கொண்டு எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போனாள். ங்கோஸ்வேகளைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது. களியும், வேர்க்கடலை மாவு போட்டுக் கடைந்த பூசணிக் கீரையும் ஒரே தட்டில் வைத்தாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஃபனுவேல் வழக்கம்போல் தட்டின் அடிக்கீரையை மசீகோ பக்கம் ஒதுக்கினான்.

"அந்த மனுஷன் இப்பத் தனியாவா இருக்கான்?" என்று கேட்டாள் எலுபி.

"தனியாத்தான் அம்மா."

"சமைப்பானா?"

"சமைப்பான்" என்றான் ஃபனுவேல். "களிதான் கட்டி தட்டும்."

அவள் உள்ளே போய் ஒரு காலி மார்ஜரின் டப்பாவில் மீதிக் கீரையை அள்ளிப் போட்டாள், களியைத் துணியில் சுற்றினாள், இரண்டையும் ஒரு பையில் வைத்து மசீகோவிடம் நீட்டினாள். "போற வழியில அவன்கிட்ட குடுத்துடு. எலுபி அம்மா குடுத்தாங்கன்னு சொல்லு. அவனுக்கு என்னைத் தெரியாது, பரவாயில்ல. வீடு உடைஞ்ச அன்னிக்கு ஒருத்தன் பட்டினி கிடக்கக் கூடாது. அழணும்னா அழச் சொல்லு, ஆம்பளைன்னு அடக்கிக்கிட்டு இருக்க வேணாம்."

"சொல்றேன் அம்மா" என்றான் மசீகோ.

ஃபனுவேல் அவனை ரோடுவரை கொண்டுவந்து விட்டான். விருந்தாளியை அப்படி விடுவது வழக்கம், யாரும் பார்த்தாலும் தப்பாகத் தோன்றாது. கொசுவலை எடுத்துக்கொண்டாயா என்று மசீகோ கேட்டான். எடுத்துக்கொண்டேன் என்றான் ஃபனுவேல். பின்னறைக் கூரையில் மேற்கு மூலைத் தகரம் ஆடுகிறது, மழைக்கு முன்னால் ஆணி அடித்துவிடு என்றான். சரி என்றான் மசீகோ. மினிபஸ் வந்து நின்றது, கண்டக்டர் அவசரப்படுத்தினான், அவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள்.

மினிபஸ்ஸில் நெரிசல். மசீகோவுக்கு ஒரு தக்காளிக்காரியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவள் மூக்கைச் சுருக்கி முகர்ந்து, அவன் மடியில் இருந்த பையைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்ல வாசனை. வீட்ல கட்டிக் குடுத்தாங்களா?"

"மாமியார் வீட்ல" என்றான் மசீகோ. முன்பின் தெரியாதவளிடம் அது சுலபமாக வந்துவிட்டது.

"ஏன், வீட்ல உங்காளு இல்லையா?"

"போயாச்சு."

"கோவமா? வந்துடுவாங்க. எங்க போயிடப் போறாங்க."

"இல்லம்மா. இன்னிக்கு ங்கோஸ்வேங்க உக்காந்து பேசி முடிச்சுட்டாங்க."

"அடக் கடவுளே" என்றாள் அவள். அவன் காலை நீட்ட இடம் வேண்டுமென்று கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எத்தனை வருஷம்?"

மசீகோ சொல்ல முயன்றான். முடியவில்லை. பையை இறுகப் பிடித்துக்கொண்டு, கோட்டும் பட்டையுமாக, வாய்விட்டு அழுதான். வண்டியில் இருந்த யாரும் முகம் சுளிக்கவில்லை. முன்னால் இருந்த கிழவர் திரும்பி, "விடுப்பா, விடுப்பா" என்றார். பெண்டாட்டி போய்விட்டாளாம் என்று தக்காளிக்காரி அவருக்கு மெதுவாகச் சொன்னாள். கண்டக்டர் பாட்டை நிறுத்தினான். பாங்வே வரும்வரை அவனை அழவிட்டார்கள்.